லாமின் சுரைக்குடுக்கை

ஜூபா, 4 மார்ச் 2012

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. லாம் எனக்கு நண்பன் மட்டுமல்ல, கூடப் பிறக்காத அண்ணன். வழிப்பறிக்காரர்கள்தான் அவனைச் சுட்டிருக்கிறார்கள், வழக்கை மூடிவிட்டோம். நீங்கள் வக்கீல் வீட்டுக்கு அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். துக்கத்துக்கு வந்தபோது சாப்பிடாமல் கிளம்பியதற்கு மன்னியுங்கள். வயிறு சரியில்லை.

உங்கள் கொழுந்தன்,
கர்னல் கோவாங், போலீஸ் தலைமையகம்

பெந்தியு, 19 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

வயிறு இப்போது தேவலையா? ஆஸ்பத்திரி மருந்தை லாரி லாரியாக எல்லை தாண்டி விற்கிற போலீஸ்காரர்களைக் கண்டுபிடித்ததும் லாம் என்னிடம், "கோவாங்கிட்ட மட்டும் சொல்லிருக்கேன், அவன் பாத்துக்குவான்" என்றார். அந்த வாரமே பிணமாக வந்தார். புது நாட்டுக்குப் புதுப் போலீஸ் என்று சுதந்திர நாளில் சீருடையோடு நீங்கள் இருவரும் பேசியதை நானும் நம்பித் தொலைத்தேன்.

நீங்கள் என் வீட்டில் தண்ணீர்கூடத் தொடவில்லை. கொன்றவனோ அவன் இரத்த உறவோ செத்தவன் வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைத்தால் சாவு என்றுதானே நம்மை வளர்த்தார்கள்? ஊர் முன்னால் வந்து லாமின் சுரைக்குடுக்கையில் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். வழக்கை விட்டுவிடுகிறேன்.

நியாகிம்

ஜூபா, 2 ஏப்ரல்

அண்ணி,

படித்த நீங்களுமா இப்படி? எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது. வேலை நெருக்கடியால் வர முடியாது. இனியும் பேசினால் லாமுக்குக் கொடுத்த போலீஸ் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். என்னால் தடுக்க முடியாது.

கோவாங்

பெந்தியு, 15 ஏப்ரல்

கோவாங்,

நேற்று உன் அம்மா வந்தார்கள். உன்மேல் பழி போடுகிறேன் என்று ஊர் கூடும்படி என்னைத் திட்டித் தீர்த்தார்கள். "எம் புள்ள அப்படிப்பட்டவன் இல்லடி. கொண்டா அந்தக் குடுக்கைய" என்று வாங்கி, முழுவதும் குடித்தார்கள். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. என் நெஞ்சு குளிர்ந்தது.

இன்று அவர்களுக்கு அனலாய்க் காய்ச்சல். என் வீட்டிலேயே படுத்திருக்கிறார்கள். காளை வெட்டித் தோஷம் கழிக்கலாம் என்கிறார், கொலைப் பழி தீர்த்துவைக்கும் நிலத்துப் பூசாரி. ஆனால் கொன்றவன் ஊர் முன்னால் தன் வாயால் ஒப்புக்கொண்ட பிறகுதான் காளையைக் குத்தும் ஈட்டியைத் தொடுவாராம்.

உனக்குத்தான் மூடநம்பிக்கை கிடையாதே. ஜூபாவிலேயே நிம்மதியாக இரு.

நியாகிம்

ஜூபா, 17 ஏப்ரல்

அண்ணி,

ஞாயிறன்று வருகிறேன். காளையைக் கட்டி வையுங்கள். சுடச் சொன்னது நான்தான். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பேசும்போது அம்மாவை மட்டும் தூரமாக எங்காவது படுக்க வையுங்கள். அவள் கேட்க வேண்டாம். கடிதம் கொண்டுவருபவரிடமே பதில் கொடுங்கள்.

கோவாங்

பெந்தியு, 18 ஏப்ரல்

காளை கட்டியாயிற்று. அம்மாவுக்கு எல்லாருக்கும் முன்னால் பாய் போட்டிருக்கிறேன்.

லாமின் மனைவி