உறைப்புத் தின்னாத மகனுக்கு

சிவமயம்

மீசாலை,
14.6.1964

அன்புள்ள மகன் அருட்பிரகாசத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமென்றுதான் எழுதுவாய், போன மூன்று கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தாய், இந்த முறை நான் அதை நம்புவதாக இல்லை. வழக்கமாக நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி குணலட்சுமி எழுதுவாள், இதை நானே எழுதுகிறேன், எழுத்துக் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அவளும் உன் ஐயாவும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள், அவர்கள் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். சிவத்தப் பசு கன்று போட்டிருக்கிறது, பெட்டை நாகுதான். தங்கச்சிக்குப் பேசிவந்த உடுப்பிட்டிச் சம்பந்தம் சாதகம் பொருந்தாமல் விட்டுப்போயிற்று, அவளுக்கு அதில் கவலையில்லை, எனக்குத்தான். நான் எழுத உட்கார்ந்தது இவை ஒன்றுக்குமில்லை.

சித்திரை வருஷத்துக்கு நீ லீவில் வந்து நின்ற ஐந்து நாளும் என் கத்தரிக்காய்க் குழம்பைத் தொடவில்லை. வெறும் சொதியை விட்டுப் பிசைந்து பிசைந்து விழுங்கினாய். பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு பழஞ்சோறு தின்ற பிள்ளை நீ. மலைநாட்டில் எவளோ ஒருத்தி சமைத்துப்போட்டு உன் நாக்கை மாற்றிவிட்டாள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். சாப்பிட இருந்தவனிடம் "ஆரடா அவள், கறிக்குச் சீனி போடுறவள்" என்று கேட்டும் விட்டேன். நீ சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனாய். இந்த இரண்டு மாதமும் அந்தக் காணாத பெட்டையை நான் ஏசாத ஏச்சு இல்லை. அவள் உன்னை விட்டுத் தொலைய வேண்டுமென்று பிள்ளையாருக்கு அர்ச்சனைகூடச் செய்வித்தேன். இப்போது நினைக்கிறேன், அப்படி ஒருத்தி இருந்திருந்தாலும் நல்லதுதானே என்று.

போன செவ்வாய் உன்னோடு வேலைசெய்கிற கொடிகாமத்துப் பஞ்சலிங்கம் லீவில் வந்தவன் உன் சுகம் சொல்ல எட்டிப்பார்த்தான். தேத்தண்ணி கொடுத்து, வெற்றிலைத் தட்டத்தையும் வைத்துவிட்டு, நானும் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையை வாயில் போட்டுக்கொண்டு கதை கேட்டேன். தியத்தலாவை ஆமி முகாமில் குளிருக்குள் காவல் நிற்கிறபோது பீடி சிகரெட் பற்றவைக்க விடமாட்டார்களாம். "நெருப்புத் தெரிஞ்சால் தண்டனை மாமி, அதாலை எல்லாரும் கொடுப்புக்கை புகையிலைதான் அடக்கிறவை, உங்கடை வீட்டுப் புகையிலைக்குத்தான் முகாமிலை பேர்" என்று பெருமையாகச் சொன்னான். கோப்ரலுக்கும் கூட நிற்கிற பிள்ளைகளுக்கும் கொடுக்க என்றுதானே நீ மாதாமாதம் எழுதிக் கேட்டாய். "உங்கடை மோன் நித்திரையிலையும் புகையிலையை வாயாலை எடுக்கமாட்டான், சமையல்காரன் இவனுக்கெண்டு உறைப்பில்லாத பருப்பு வேறையாய் எடுத்து வைக்கிறவன்" என்று அவன் பகிடியாகச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ குழம்பைத் தொடாததற்குப் பெட்டையல்ல, இந்தப் புகையிலைதான் காரணமோ என்று அப்போதுதான் எனக்குத் தட்டியது.

மறுநாள் முழங்கால் நோகிறது என்று ஐயாவுக்குச் சொல்லிவிட்டுச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். டாக்குத்தரிடம் முழங்காலைக் காட்டவில்லை, உன்னைப் பற்றித்தான் சொன்னேன். உறைப்புப் பட்டால் எரிகிறதுதான் முதல் அறிகுறியாம், கொடுப்புக்குள், கன்னத்தின் உட்புறத்தில், வெள்ளையாகப் படை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், பிறகு வாய் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுமாம். "மூண்டு விரலை ஒண்டுக்கு மேலை ஒண்டாய் அடுக்கி வாய்க்குள்ளை விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ அம்மா, போகாட்டில் சுணங்கக் கூடாது, மகரகமைக்குத்தான் அனுப்பவேணும்" என்றார். மகரகமையில் இருப்பது புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியாதா. இப்போதே விட்டால் நிற்கவும் கூடும் என்றும் சொன்னார், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன். ஆருடைய புகையிலை என்று கேட்டார். எங்கடை தோட்டத்ததுதான் என்றேன், அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐயா இந்த மாதப் புகையிலைப் பாசலையும் கட்டிவிட்டார். உனக்கென்றால் ஒவ்வொரு இலையாக மணந்து பார்த்துத்தான் எடுப்பார், உனக்குத் தெரியாது. தைத்த பாசலைத் தபால் கந்தோரில் போடு என்று என்னிடம் தந்தார், போட்டாயிற்றா என்று கேட்டார், ஓம் என்றேன். அது நெல்லுக் கூடையின் அடியில் கிடக்கிறது. அவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் கையாலேயே பிள்ளைக்கு அனுப்பினேனே என்று அவர் இடிந்துபோவார். நானும்தானே துணி வெட்டிப் பாசல் தைத்துக் கொடுத்தேன்.

நீ இனி அதை வாயில் வைக்காதே. காவலில் கண் சொருகினால் வறுத்த கொத்தமல்லியை மென்றுகொள், தங்கச்சி இடித்துத் தந்திருக்கிறாள், வேறு பாசலில் வருகிறது. குளிருக்குச் சட்டைக்குள் இன்னொரு சட்டை போட்டுக்கொள். வெட்கப்படாமல் முகாம் டாக்குத்தரிடம் வாயைத் திறந்து காட்டு. பெட்டையைச் சொல்லி ஏசினதற்கு என்னில் கோபம் வைத்திருக்காதே ராசா. மருதடிப் பிள்ளையார் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார், நீண்ட ஆயுளோடு இரு.

மறவாமல் கண்ணாடிக்கு முன்னால் நின்று விரலை வைத்துப் பார்த்து, எத்தனை போகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுது. இதை எழுதத் தொடங்க முதல் நானும் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டுக்கு மேல் போகவில்லை. ஐயாவுக்குச் சொல்லவில்லை, தங்கச்சிக்கும் தெரியாது. நீ லீவு எடுத்துக்கொண்டு வா, இரண்டு பேருமாகப் போய்க் காட்டுவோம். நீ வராவிட்டால் நான் தனியே போகமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மகாதேவி