எட்டாம் வகுப்பில் ஒரு குரூப் போட்டோ

பாய்,

இன்று காலை எட்டாம் வகுப்பில் ப்ரொஜெக்டரைப் போட்டேன். எந்தக் காலத்திலோ வாங்கியது. பல்பு சூடேறி, மேலே படிந்திருந்த தூசி கருகுகிற வாசனை வந்தது. அவ்வளவுதான், நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள் என்று திரும்பியே பார்த்துவிட்டேன். உங்களுடைய பழைய வீடியோ லைட்டின் வாசனை அது. அதைத் தூக்கிப் பிடித்து எத்தனை மாப்பிள்ளைகளை வேர்க்க வைத்திருப்பீர்கள்! பிள்ளைகள் "என்னங்க சார்?" என்றார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன்.

நாற்பத்தாறு வயதில் பி.எட். படிக்கிறேன். கல்லூரியில் கூடப் படிக்கிற பெண்கள் என்னை "அங்கிள்" என்கிறார்கள். கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பள்ளி. தினமும் உங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் உக்கடத்தில் பஸ் ஏறுகிறேன். முதல் வாரம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இப்போது பார்க்கிறேன்.

இந்த வேலையைக் கிளப்பிவிட்டதே நீங்கள்தான். நான் போட்டோவும் நீங்கள் வீடியோவும் எடுத்த சிங்காநல்லூர் ஸ்டுடியோவில் முகூர்த்தமில்லாத மாதங்களில் நாம் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். பத்தாவது படித்த உங்கள் மகள் சாயங்காலம் புத்தகத்தோடு வருவாள். எப்போதோ பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன் என்பதால் நான் சொல்லிக்கொடுப்பேன். ஒருநாள் எடிட்டிங்கை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர்கள்.

"ஏனுங்க ஆர்டிஸ்டு, இருவது வருசமா ஊரையே சிரிக்கச் சொல்லிப் படம் புடிக்கறீங்க. நீங்க சிரிச்சு இப்பத்தானுங்க பாக்கறேன்."

"போங்க பாய், வேலையப் பாருங்க" என்றேன். அடுத்த வாரம் என் கீபோர்டின் மேல் பி.எட். விண்ணப்பம் கிடந்தது. என் பெயரை நீங்களே எழுதிவைத்திருந்தீர்கள்.

இடம் கிடைத்த மாதமே உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட "காலேஜுக்கு லீவு கீவு போட்டுப்போடாதீங்க" என்றீர்கள். திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது வந்தது அழுகைகூட இல்லை, கோபம். ஆளை ஒரு புதுப் பாதையில் தள்ளிவிட்டுப் பாதியில் இறங்கிப்போனால் என்ன அர்த்தம்? ஸ்டுடியோவை உங்கள் தம்பியிடம் விட்டுவிட்டு அந்தக் கோபத்தோடுதான் கல்லூரிக்குப் போனேன்.

பயிற்சிப் பள்ளியில் முதல் நாள் வகுப்பில் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். உள்ளே நுழைந்ததும் என் கண் உறுத்தியது. நெடுநெடுவென்று ஒரு பெண் முதல் பெஞ்சில். அவளுக்குப் பின்னால் இரண்டு குட்டிப் பையன்கள், தலை மட்டும் தெரிகிறது. கை சும்மா இருக்குமா? "நீ பின்னாடி போ கண்ணு. நீங்க ரெண்டு பேரும் முன்னாடி வாங்க. நீ கொஞ்சம் எடது பக்கம்." பத்து நிமிடத்தில் மொத்த வகுப்பையும் உயரவாரியாக அடுக்கிவிட்டேன். பார்க்க அப்படி ஒரு அழகு! அந்த நெட்டைப் பெண், கௌசல்யா, ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். பாடம் முடியும்வரை அசையவில்லை. நல்ல அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்ததும் அந்த வகுப்பின் இங்கிலீஷ் டீச்சர் என்னை வராண்டாவுக்கு அழைத்தார்.

"ஏனுங்க சார், குரூப் போட்டோ எடுத்து முடிச்சாச்சுங்களா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"கௌசல்யாவ எதுக்குங்க பின்னாடி அனுப்பிப்போட்டீங்க? அந்தப் புள்ளைக்குத் தூரத்துல இருக்கறது தெரியாதுங்க. கண்ணாடிக்கு எழுதிக் குடுத்து ரெண்டு மாசமாச்சு, இன்னும் வந்தபாடில்ல."

"அவ சொல்லவே இல்லீங்களே."

"அவ எதையுமே சொல்ல மாட்டாளுங்க. நாமதான் கேக்கோணும்."

போய் அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மேலே தேதி மட்டும் இருந்தது. போர்டில் நான் எழுதிய ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம், "எனக்கு இது வேண்டாம், கேமராவையே தூக்கிக்கறேன்" என்றேன். சும்மா சொல்லவில்லை பாய். ஒரு பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்பதைக்கூடப் பார்க்காதவனுக்கு வாத்தியார் வேலை எதற்கு என்று நிஜமாகவே தோன்றியது.

அப்போதுதான் அந்தப் பொள்ளாச்சிக் கல்யாணம் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே உயரம் என்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தோள்மேல் கை போடச் சொன்னேன். மண்டபமே கப்சிப். தோப்பு வேலித் தகராறில் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி என்று எனக்கென்ன தெரியும்? "சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்கிறேன். நீங்கள் கேமராவை இறக்கிவைத்துவிட்டு வந்து, "அண்ணா, பந்தியில எலை போட்டாச்சுங்க, உங்களத்தான் தேடறாங்க" என்று பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டீர்கள்.

வெளியே வந்து பிடித்தீர்களே ஒரு பிடி! "உயரத்தப் பாத்தாப் போதுங்களா? மூஞ்சியப் பாக்க மாட்டீங்களா? அதுக்குத்தானுங்க நான் அரை மணி முன்னாடியே வந்து நாலு பேருகிட்டப் பேசறது."

"நீங்க வீடியோக்காரரு, உங்களுக்கு ஃப்ரேமப் பத்தி என்ன தெரியும்?" என்று நானும் கத்தினேன். இரண்டு நாள் பேசவில்லை. டீ மட்டும் வழக்கம்போல இரண்டு வந்தது.

எந்த மண்டபத்துக்குப் போனாலும் கேமராவைப் பையைவிட்டு எடுக்காமல், சமையல்காரரிலிருந்து பெண்ணின் அத்தைவரை பேசிக்கொண்டிருப்பீர்கள். வெட்டிப் பேச்சு என்று நான் திட்டாத நாளில்லை.

மறுநாள் பள்ளிக்கு அரை மணி முன்னதாகவே போனேன். லெசன் பிளான் நோட்டை மேசையில் வைத்துவிட்டு, வராண்டாப் படியில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். எந்த ஊர், எந்த பஸ், காலையில் என்ன சாப்பாடு. முதலில் தமிழில், பிறகு மெல்ல மெல்ல இங்கிலீஷில். எல்லோரையும் பழைய இடத்திலேயே உட்காரவைத்தேன். கௌசல்யா மட்டும் தலையை ஆட்டுவாளே தவிர வாய் திறக்க மாட்டாள். மூன்று வாரம் அப்படியே போனது. தினமும் கேட்டேன், தினமும் தலையாட்டினாள். கண்ணாடி வந்த அன்று, "இனி எங்க உக்காரோணும் கண்ணு?" என்றேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த தோழியை விரலால் காட்டினாள்.

போன வாரம் கல்லூரியிலிருந்து பேராசிரியை என் பாடத்தைப் பார்த்து மார்க் போட வந்தார். கடைசி பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்துகொண்டார். நான் விடுவேனா? கலர் சாக்பீஸில் பொள்ளாச்சிச் சந்தையைப் போர்டு முழுக்க வரைந்திருந்தேன். மாடு, வண்டி, தேங்காய் எல்லாம். பிள்ளைகள் அதைப் பார்த்து இங்கிலீஷில் பேச வேண்டும். படத்தின் அழகில் நானே சொக்கிப்போய் அதன் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருவரும் பேசவில்லை.

அப்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு கை எழுந்தது. கௌசல்யா நின்றாள்.

"சார், ப்ளீஸ் மூவ். ஐ கான்ட் சீ."

மாட்டையும் வண்டியையும் மறைத்துக்கொண்டு நிற்கிறவன் நான்தான்! வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். பின்னால் பேராசிரியை பேப்பரால் வாயை மூடிக்கொண்டார். இருபது வருடம் ஊரையே "கொஞ்சம் தள்ளுங்க" என்று விரட்டியவன், இரண்டடி தள்ளி நின்றேன். "நௌ?" என்றேன். "யெஸ் சார். டூ புல்ஸ்" என்று மாடுகளைக் காட்டினாள். அதற்குப் பிறகு யார் யாரோ எழுந்தார்கள், என்னென்னவோ சொன்னார்கள். தப்பும் தவறுமாகத்தான்.

மார்க் நல்ல மார்க்தான். ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அதைச் சொல்ல ஒரே ஒருவரைத்தான் தேடினேன்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது பாய். நாளைக்கும் அரை மணி முன்னதாகவே போவேன். இத்தனை வருடத்தில் உங்கள் முகத்துக்கு நேராக ஒருதரம்கூடச் சொல்லாததை இப்போது சொல்கிறேன்: நீங்க சொன்னதுதாங்க சரி.