பதினொரு மரத்து மிளகு

ஆடலூர்,
தை 12, 1959

அன்புள்ள அத்தானுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தோஷத்தில் அவசரமாக எழுதுகிறேன்.

நேற்று வத்தலக்குண்டிலிருந்து மிளகு வியாபாரி நாச்சிமுத்து வந்தார். முற்றத்தில் காய்ந்த மிளகில் ஒரு மணியைக் கடித்துவிட்டு, "எந்தத் தோட்டத்துச் சரக்குங்க இது?" என்றார். நம் காப்பிக்கு நிழல் தரும் பதினொரு பெரிய மரங்களையும் காட்டினேன். அவற்றில் நான் கொடி ஏற்றியபோது நீங்கள் சிரித்தீர்கள். ஆடியில் மரவியாபாரி அந்தப் பதினொன்றையும் வெட்டக் கேட்டபோது நீங்கள் சொல்லியும் நான் கையெழுத்துப் போடவில்லை. அவன் சொன்ன விலையை, ஏணிக்கு எட்டியவரை பறித்த மிளகுக்கே நாச்சிமுத்து தந்துவிட்டார்! மரங்கள் அப்படியே நிற்கின்றன, அத்தான். அடுத்த தையிலும் காய்க்கும்!

சேதி கேட்டு மேல்தோட்டத்துத் தண்டாயுதபாணி அண்ணன் ஓடி வந்தார்.

"ஏத்தா, எனக்கும் நாலு கொடி குடு."

"தாரேன். ஏத்த மரம் வேணுமேண்ணே?"

"வெட்டுனது போக மூணு நிக்கு. இனிமே எவனையும் கோடாலியோட உள்ள விடமாட்டேன்!"

பழனியில் உங்கள் அண்ணன் கடையில் இன்னும் சோலி அதிகமோ? ஆடியில் போனவர் நீங்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பதினொன்றில் உயரமான பலாமரத்து உச்சியில் மிளகு கொத்துக்கொத்தாகச் சிவந்து கிடக்கிறது. கூலிக்கு ஏற இரண்டு பேர் வந்தார்கள், வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். அந்த உயரத்துக்கு நீங்கள்தான் ஏறவேண்டும். இன்னும் எட்டு நாள் தாங்கும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி