பால் பாத்திரத்தில் ஊமத்தை

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி உங்கள் பழைய ஷூவுக்குள் இருக்கிறது. உங்கள் தம்பி மூட்டுவலி எண்ணெய் வாங்க வருவார், பாட்டில் மேல்தட்டில். மேலுக்குப் பூசத்தான், உள்ளுக்கு ஆகாது என்று நாலு தடவை சொல்லிக் கொடுங்கள்.

எண்ணெயைக் குறை சொல்லமாட்டேன். உங்கள் முழங்காலே சாட்சி. ஆனால் ஊமத்தை இலை போட்டுக் காய்ச்ச, வீட்டில் இத்தனை சட்டி இருக்க என் பால் பாத்திரம்தானா கிடைத்தது? காய்ச்சிய கையோடு ஒழுங்காகத் தேய்த்தாவது வைத்தீர்களா? அதில் டீ போட்டுக் குடித்துவிட்டு, நாக்கு வறண்டு, சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்கள் போனை எடுத்துப் படம்பிடித்தீர்கள். உங்கள் அக்கா தங்கை அத்தனை பேருக்கும் அனுப்பினீர்கள்.

"பதினெட்டு வருஷமா இந்த வீட்ல என்னை ஒருத்தரும் மனுஷியா மதிக்கலை" என்று நான் அழுத இடத்தில்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "வாய்தான் அவளோடது, பேசினதெல்லாம் ஊமத்தை" என்று நீங்களும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள்.

பாத்திரத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன். நான் என் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

பின்பக்கத்துச் செடியை வெட்டிவிடாதீர்கள். அதன்மேல் தப்பில்லை.

இன்னொன்று. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்திருக்கிறேன். நல்ல நினைவோடு எழுதுகிறேன்: அன்றைக்குச் சொன்னதேதான் இன்றைக்கும். இந்தச் சீட்டையும் படம்பிடித்து அனுப்புங்கள்.