கேஸ் கம்பெனி முதலாளி

மார்ச் 4

கேஸ் கம்பெனி முதலாளி அப்பாவுக்கு,

போனில் உங்களுக்குக் காது கேட்காது. அதனால் வழக்கம்போல் கடிதம்.

அம்மா எல்லாம் சொல்லிவிட்டாள். நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸை வரவழைத்து, தெருவையே கூட்டி, கடைசியில் வெறும் கேஸ் என்று இரண்டு ஏப்பத்தோடு வீடு திரும்பினீர்களாமே! அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. மாரடைப்போடு வருகிறவர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்த தொண்ணூறு நிமிடத்துக்குள் அடைப்பை நீக்கிவிட வேண்டும் என்பது எங்கள் சுகாதாரத் துறையின் இலக்கு. போன மாத அறிக்கைப்படி உங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒரு நோயாளியைக்கூடத் தவறவிடவில்லை. எல்லாம் உங்கள் மகள் விரட்டுகிற விரட்டல்தான்.

உங்கள் செல்ல மகள்

மார்ச் 11

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மா கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தாள். இப்போது அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட, "முதலாளி, இன்னைக்கு கேஸ் எப்படி?" என்கிறார்கள். ஊரார் மானத்தை மறைக்கத் துணி தைக்கிறேன். என் மானத்தை நீங்கள் இருவரும் கப்பலேற்றிவிட்டீர்கள்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி வலித்தாலும் கூப்பிடச் சொன்னாள். நல்ல பெண். ஆனால் அந்த வண்டி இன்னொரு முறை நம் வாசலில் நின்றால் நான் ஊரைவிட்டே ஓட வேண்டியதுதான்.

அப்பா

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

காலையிலிருந்து இடது தோளிலிருந்து தாடை வரை ஓர் இழுப்பு. சட்டை நனைய வேர்க்கிறது. கம்பெனியை மறுபடி திறந்துவிட்டேன் போலிருக்கிறது. அம்மா வெளியே கிளம்பும்போது அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் உனக்குப் போன் வரும், உன் அலுவலகமே சிரிக்கும். சுடுதண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும். நாளை கொடுக்க வேண்டிய சட்டைக்குக் காலர் மட்டும் பாக்கி. அடுத்த முறை நீ வரும்போது

ஏப்ரல் 14

மகளுக்கு,

மேலே இருப்பது அப்பா எழுதியது. காரியமெல்லாம் முடிந்து நீ திரும்பிப் போன பிறகு, தையல் மெஷின் பக்கத்தில் துணிகளுக்கு அடியில் கிடைத்தது.

ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் நான் வீடு திரும்பி, அவரைக் கொண்டுபோய் வாசலில் இறக்கியதும் ஓடி வந்தார்கள். ஒரு மணி நேரத்திலேயே அடைப்பை நீக்கிவிட்டார்கள். "காலையிலேயே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார் டாக்டர். உங்கள் கணக்கு ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குகிறது. அவர் பகல் முழுக்க நம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

உன்னை மட்டும் சொல்லவில்லை. கடையில் வைத்துப் படித்தது நான்தான். சிரித்ததும் நான்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த மாத அறிக்கையில், தவறவிடாத நோயாளி என்று அப்பாவைச் சேர்த்துவிடாதே.

அம்மா