உன் பெயருக்கு வந்த நீலம்

என் அருமை மச்சாள் புவனாவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே இருந்துகொண்டு சிரிக்காதே. இதை எழுதும்போது நான் போட்டிருப்பது உன் சட்டை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து உன் உடுப்புகளைக் கொடுக்க எடுத்தார்கள். நான் ஒன்றை ஒளித்துவைத்தேன். வயிற்றடியில் இரண்டு பொத்தான் பூட்டுப்படுவதில்லை. கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு மேலே கூரையைப் பார்க்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழைகளை நீதான் திருத்த வேண்டும். பலகையில் எழுத்தை வெட்டி ஒட்டுவது என் வேலை, கணினியில் வடிவம் போடுவதும் எழுத்துப்பிழை பார்ப்பதும் உன் வேலை என்றுதானே இணுவிலில் இந்தக் கடையைத் திறந்தோம்? உன் பங்கை இப்போது வெளியில் கொடுத்துச் செய்விக்கிறேன். செய்கிற பெடியனைப் பகிடி பண்ணினால் அழுதுவிடுவான் போலிருக்கிறது. உன்னைப் போல் திருப்பிக் கடிக்கத் தெரியாது.

புதினம் என்னவென்றால், நீர்வேலியில் வாழைத்தோட்டத்துக்கு முன்னால் உன் பெயரில் ஒரு பஸ் தரிப்பிடம் எழும்பியிருக்கிறது. கட்டுவித்தது கனடாவில் இருக்கிற உன் அண்ணை. எனக்குப் பெரிய மச்சான். செத்தவீட்டுக்கு வராதவர் சீமெந்தை அனுப்பிவைத்தார். பெயர்ப்பலகை மட்டும் நம் கடையில் செய்ய வேண்டுமாம். அவருடைய மகன் வடிவம் போட்டுக் கொடுக்க, அங்கே கடதாசியில் அச்சடித்து, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றை எனக்குத் தபாலில் அனுப்பினார். வெள்ளைப் பலகையில் நீல எழுத்து. உனக்குப் பிடித்த நிறமாம். நீ எப்போதடி நீலம் உடுத்தாய்?

கடதாசி நீலம் கடதாசியோடு சரி. எழுத்து வெட்டுகிற பிளாஸ்டிக் தகட்டில் நமக்குக் கிடைப்பது வான நீலம், கடும் நீலம், இடையில் ஒன்று. அவ்வளவுதான். நீ செய்கிற மாதிரியே மூன்றிலும் துண்டு வெட்டி, கடதாசியையும் எடுத்துக்கொண்டு வெயிலில் போய் நின்றேன். கடைக்குள் நின்று நிறம் முடிவெடுக்கக் கூடாது என்று எத்தனை பேரைத் தெருவுக்கு இழுத்திருப்பாய்! இடையில் உள்ளது கிட்ட வந்தது. எழுத்தை வெட்டி, படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே அழைப்பு வந்தது. "உதென்ன நீலம்? கடதாசியிலை உப்பிடி இல்லையே!"

"மச்சான், கடதாசியிலை இருக்கிறது மை. இது தகடு. நேரை பாத்தால்தான் தெரியும்."

"நீ வடிவாப் படம் எடு."

வெயிலில் எடுத்தேன், வெளிறிவிட்டது என்றார். நிழலில் எடுத்தேன், கறுத்துவிட்டது என்றார். கடை வெளிச்சத்தில் எடுத்தேன், பச்சை அடிக்கிறது என்றார். அவர் அங்கே சமைக்கிற குசினியில், மஞ்சள் விளக்கின் கீழே, கடதாசியைப் போனோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறார். ஒரே தகடுதான், மச்சாள். நான் அதை மாற்றவே இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது நீலத்துக்காக இல்லை. நான் படம் எடுத்த போன் அவர் உனக்கு அனுப்பியது. முகத்தை வெளுப்பாக்கி, கன்னத்தில் ரோசாப்பூ பூசுகிற போன். நீ கட்டிலில் கிடந்தாய். கண் இரண்டும் மஞ்சள். நகமும் மஞ்சள். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எடி, என்ன நல்ல நிறமா இருக்கிறாய்! இவள் சறோ சும்மா பயப்படுத்திறாள்" என்றார்.

"ஒருக்கா வந்திட்டுப் போங்கோ அண்ணை" என்றாய்.

"பொங்கலுக்கு வாறன்."

போனை வைத்தபிறகு நீ என்ன சொன்னாய்? "பாத்தியாடி சறோ, பவுடர் போடாமலே பொம்பிளை பாக்க வரலாம் போல கிடக்கு." சிரித்தோம். பொங்கலுக்கு நீ இல்லை. அந்த மஞ்சளை அந்தப் போனில் எப்படிக் காட்டியிருக்கலாம்? உனக்காவது தெரிந்திருந்ததா?

நாலாவது முறையும் அவர் நிறம் பிழை என்றபோது என் வாய் நிற்கவில்லை. "மச்சான், இந்தப் போனிலைதானே புவனாவின்ரை முகத்தையும் பாத்தியள்?"

"என்ன கதைக்கிறாய்?"

"நிறத்தைப் பற்றித்தான் கதைக்கிறன், மச்சான்."

அவர் வைத்துவிட்டார். ஆனால் திறப்புவிழாவுக்கு வந்தார். பலகை ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. அவர் கடதாசியை உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "உது... உதுதான் நான் சொன்ன நீலம்! பாத்தியா, சொல்லச் சொல்லத்தானே சரியா வந்திருக்கு" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். தகட்டில் கீறல் விழாமல் இருக்க மேலே பாலாடை போல ஒரு தாள் ஒட்டி வருமே, அதை ஒரு எழுத்திலும் உரிக்காமலே ஏற்றியிருந்தேன். அவர் மெச்சியது அந்தத் தாளினூடே தெரிந்த நீலம்.

சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். "அவளுக்குச் சாகிற வருத்தமெண்டு எனக்குத் தெரியாதடி. வடிவாத்தானே இருந்தவள்" என்றார்.

தெரியாது என்கிறவரிடம் என்ன கேட்பது? அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. நான் சொன்னது எங்கே போயிற்று? ஏன் வரவில்லை என்று ஒரு வருடமாக அவருக்கென்று வைத்திருந்த கேள்வியை நான் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். கொடுத்த கையை எனக்கே பிடிக்கவில்லை.

இது நான் உனக்குத் தருகிற வாக்கு. அடுத்தமுறை அவர் வரும்போது, போனில் இல்லை, நேரே முன்னால் இருத்தி, உன் கண் எப்படி இருந்தது, கடைசி நாட்களில் யார் வருகிறார் என்று எப்படி வாசல் படலையைப் பார்த்தாய் என்று முழுதாகச் சொல்லுவேன். அழுதாலும் நிறுத்தமாட்டேன். உன் பெயரையும் அதன் சொந்த நிறத்தில் வைப்பேன்.

பெயர் வேலையைத் தொடங்கிவிட்டேன். அவர் இங்கே நின்ற ஒரு மாதமும் நல்ல வெயில். அவர் விமானம் ஏறிய அன்று ஏணி வைத்து ஏறினேன். முதல் மூன்று எழுத்தில் தாள் உரிந்தது. மற்ற மூன்றில் அது காய்ந்து தகட்டோடு ஒட்டிவிட்டது. இப்போது "புவனே" ஒரு நீலம், "ஸ்வரி" இன்னொரு நீலம்.

உனக்கு மறுமொழி சொல்லப் பிறந்த மாமி மகள்,
சறோ