பெயரில்லாத் தட்டில் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு மிரெய் எழுதுவது. மொன்ட்ரியாலில் நான் சுகம். கால் இறுக்கம் கூடினால் அம்மாவிடம் மறைக்காதீர்கள்.

கோடையில் நீங்கள் கொடுத்த தோல் துணுக்கிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் நரம்புச் செல்களை வளர்த்துவிட்டோம். தாத்தாவிடமிருந்து உங்களுக்கு வந்த கோளாறு இதுதான்: செல்லுக்குள் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள் நுனிவரை போகாமல் நடுவழியில் நின்றுவிடுகின்றன. யாருடையது என்று தெரிந்தால் கண் பாரபட்சம் காட்டும் என்பதால், செல்கள் வளரும் தட்டுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நேற்று ஒரு தட்டில் சரக்கு பறந்தது. "அப்பா, விடாதீங்க, ஓடுங்க!" என்று கத்திவிட்டேன்.

ஓடும் சரக்கை எண்ணி முடித்து, எந்த எண் யாருடையது என்று பட்டியலில் பார்த்ததும் பேராசிரியர் கிஸ்லேன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடியே, அது உங்கப்பா இல்ல, நானு! ஒப்பிட்டுப் பாக்க நான் குடுத்த செல்லு. தினமும் இப்படிக் கத்து, நல்லாருக்கு!"

உங்கள் தட்டு பக்கத்திலேயே இருந்தது. அதில் சரக்கு நிற்கிறது, சற்றுப் பின்வாங்குகிறது, மறுபடி கிளம்புகிறது. நீங்கள் தேவாலயப் படி ஏறுவதைப் போலவே இருந்தது. வீட்டுக்குப் போகவே மனமில்லை.

அம்மாவிடம் புளுபெர்ரி ஜாமும் கம்பளிக் காலுறையும் அனுப்பச் சொல்லுங்கள். காலுறை குளிருக்குத்தான், என் காலுக்கு ஒன்றும் இல்லை.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். உங்கள் தட்டு எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டதால், எண்ணும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். கத்துவதற்கு மட்டும் என்னை விடுகிறார்கள்.

உங்கள் மிரெய்